காசநோய் வந்தவரின் மனநலம்: வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டியவை

கோலாலம்பூரில் ஒரு வீட்டில் யாருக்காவது டிங்கி காய்ச்சல் வந்தால் அடுத்து என்ன நடக்கும் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். மாலைக்குள் செய்தி உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும். சின்னம்மா பப்பாளி இலைச் சாறு பிழிந்து எடுத்து வருவார், பக்கத்து வீட்டிலிருந்து நண்டு சூப் வரும், "பிளேட்லட் எவ்வளவு இருக்கு?" என்று நாளுக்குப் பத்துப் பேர் தொலைபேசியில் விசாரிப்பார்கள். அதே வீட்டில் அதே மனிதருக்குக் காசநோய் என்று தெரியவந்தால் செய்தி நான்கு சுவரைத் தாண்டாது. கேட்பவர்களிடம் நெஞ்சுச்சளி என்று சொல்லிவைப்பார்கள். வழக்கமாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போகிற மாமா, வாசற்கம்பிக் கதவுக்கு வெளியிலேயே நின்று நலம் விசாரித்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

இத்தனைக்கும் டிங்கிக் கிருமியைக் கொல்லும் மருந்து இன்றுவரை நம் மருத்துவமனைகளில் இல்லை. உடல் தானாக அதை வெல்லும்வரை மருத்துவர்கள் நோயாளியைக் காத்து நிற்கிறார்கள். காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்துகளோ எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கின்றன. நம் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளிலேயே கிடைக்கின்றன. மருந்து இல்லாத நோய்க்கு வீடு நிறைய ஆள் சேர, மருந்து உள்ள நோய்க்கு ஆள் விலகிப் போகிறார்கள். மலேசியாவில் அண்மைக் காலத்தில் ஆண்டுக்கு 25,000க்கும் மேற்பட்டோருக்குக் காசநோய் பதிவாகிறது. அத்தனை வீடுகளிலும் நோயாளியைச் சுற்றி இருப்பவர்கள் நோயை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பது அவருடைய மனத்தையும், மனத்தின் வழியாக அவருடைய சிகிச்சையையும் நேரடியாகப் பாதிக்கிறது. அந்தத் தொடர்பை மருத்துவப் பின்னணி இல்லாதவர்களும் புரிந்துகொள்ளும் வகையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம்

காசநோயை உண்டாக்குவது ஒரு பாக்டீரியா. ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக் அதைக் கண்டறிந்து 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் அறிவித்தார்; அதனால்தான் ஆண்டுதோறும் அந்த நாள் உலகக் காசநோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. நுரையீரலில் காசநோய் உள்ள ஒருவர் இருமும்போதும் தும்மும்போதும் உரக்கப் பேசும்போதும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் காற்றில் கலக்கின்றன. காற்றோட்டம் இல்லாத அறையில் அவை மணிக்கணக்கில் மிதக்கக்கூடியவை. அந்தக் காற்றை நாள்தோறும் நெடுநேரம் சுவாசிக்கிறவருக்கே தொற்று ஏற்படும் வாய்ப்பு அதிகம். தட்டு, டம்ளர், துணிமணி, படுக்கை விரிப்பு, கைகுலுக்கல், கழிப்பறை ஆகியவற்றின் வழியாகக் காசநோய் பரவுவதில்லை.

செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீட்டில் நான் பார்த்தது இது. குடும்பத் தலைவர் லோரி ஓட்டுநர். அவருக்குக் காசநோய் என்று உறுதியாகி மூன்றாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. அவருடைய எவர்சில்வர் தட்டின் விளிம்பிலும் டம்ளரின் அடியிலும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்திருந்தார்கள். அவற்றைத் தனி ஸ்பாஞ்சால் கழுவி, சமையல் மேடையின் கோடியில் தனியாகக் கவிழ்த்து வைத்தார்கள். சாப்பாடு அவருடைய அறைக்கதவுக்கு வெளியே ஒரு நாற்காலியில் வைக்கப்பட்டது. ஆனால் அந்த அறையின் ஜன்னல் முழுவதும் மூடியிருந்தது. இருமல் சத்தம் நடைபாதையில் போகிறவர்களுக்குக் கேட்கக் கூடாது என்பதற்காக. அந்தக் குடும்பம் அன்பில்லாத குடும்பமன்று. தொற்றுக்குக் காரணமே இல்லாத தட்டைப் பிரித்துவைத்து, தொற்றைக் குறைக்கக்கூடிய ஜன்னலை மூடிவிட்டார்கள். சரியான விவரத்தை யாரும் அவர்களிடம் உட்கார்ந்து சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சரியான விவரம் இதுதான். சிகிச்சையின் முதல் சில வாரங்களில் நோயாளி முகக்கவசம் அணிய வேண்டும்; ஜன்னல்களைத் திறந்துவைத்து வெளிச்சமும் காற்றும் அறைக்குள் வரச் செய்ய வேண்டும்; இயன்றால் அவர் தனி அறையில் உறங்க வேண்டும். மருந்துக்குக் கட்டுப்படும் சாதாரணக் காசநோயாக இருந்து, மாத்திரைகளையும் முறையாக எடுத்துவந்தால், சுமார் இரண்டு வாரங்களிலேயே பிறருக்குப் பரப்பும் தன்மை மிகவும் குறைந்துவிடுகிறது. எப்போது முகக்கவசத்தைக் கழற்றலாம், எப்போது வேலைக்குப் போகலாம் என்பதைச் சளிப் பரிசோதனை முடிவை வைத்து மருத்துவரே சொல்வார். அப்படிச் சொன்ன பிறகும் விலக்கிவைப்பதற்கு மருத்துவக் காரணம் ஏதும் இல்லை. கழுத்து நிணநீர்க்கட்டி, முதுகெலும்பு போன்ற இடங்களில் மட்டும் காசநோய் உள்ளவர்கள் பெரும்பாலும் பிறருக்குப் பரப்புவதே இல்லை. அவர்களையும் சேர்த்து ஒதுக்குகிற வீடுகள் உண்டு. கவனம் கூடுதலாகத் தேவைப்படுவது ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் விஷயத்தில்தான். அவர்களைத் தாமதிக்காமல் பரிசோதனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால், காசநோய் காற்று வழியாகப் பரவுவது. முறையான சிகிச்சை தொடங்கியதும் பரவும் ஆபத்து விரைவாகக் குறைவது. சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதைப் பல மாதங்களுக்கு நிறுத்திவைக்க எந்தத் தேவையும் இல்லை.

"யார் கொண்டுவந்தது?" என்ற கேள்வி

ஒருவருக்கு நோய் உறுதியானதும் கிளினிக்கிலிருந்து வீட்டிலுள்ள மற்றவர்களையும் பரிசோதனைக்கு அழைப்பார்கள். 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி காசநோய் சுகாதாரத் துறைக்குக் கட்டாயமாகத் தெரிவிக்கப்பட வேண்டிய நோய். ஆகவே இது வழக்கமான நடைமுறை. ஆனால் எக்ஸ்ரே எடுக்க வரிசையில் நிற்கிற நேரத்திலேயே வீட்டுக்குள் விசாரணை தொடங்கிவிடுகிறது. "நீ கண்ட கண்ட கடையில சாப்பிட்ட", "உன் சிநேகிதனுங்களாலதான் வந்துச்சு", "அவங்க குடும்பத்துலயே இது இருக்குன்னு அப்பவே சொன்னாங்க" என்று பேச்சு எழும். நோயாளியின் மனத்தில் முதல் காயம் பெரும்பாலும் இங்கேதான் விழுகிறது. தன்னால் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற அச்சம் அவருக்கு ஏற்கெனவே இருக்கும்; குற்றச்சாட்டு அதை உறுதிப்படுத்துவதாகிவிடுகிறது.

அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் விடையே கிடையாது என்பதை வீட்டார் உணர வேண்டும். கிருமி உடலுக்குள் நுழைந்தும் நோயாக வெளிப்படாமல் அடங்கிக் கிடக்கும் நிலையை உறங்குநிலைத் தொற்று என்பார்கள். உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இந்தத் தொற்று ஏற்பட்டிருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணிக்கிறது. அவர்களில் 5 முதல் 10 விழுக்காட்டினருக்கே வாழ்நாளில் என்றாவது அது நோயாக மாறுகிறது. சிலருக்கு ஓரிரு ஆண்டுகளில் மாறும். சிலருக்குப் பல பத்தாண்டுகள் கழித்து, நீரிழிவு, சத்துக்குறைவு, புகைபிடித்தல், மிகுந்த குடி, சிறுநீரக நோய், எச்.ஐ.வி. போன்ற ஏதோ ஒன்றால் உடலின் எதிர்ப்புச் சக்தி தளரும்போது மாறும். இன்று ஐம்பது வயதில் இருமுகிறவர், தோட்டத்து லயத்து வீட்டில் சிறுபிள்ளையாக இருந்தபோதே அந்தக் கிருமியைச் சுவாசித்திருக்கலாம். சென்ற ஆண்டு நெரிசலான ஒரு பேருந்தில் சுவாசித்திருக்கலாம். இதில் யாரைக் குற்றம் சொல்வது?

காசநோய் பரம்பரை நோயன்று. முன்வினையின் பலனும் அன்று. பெண் எடுக்கிற குடும்பத்தில் இது ஒரு குறையாகப் பேசப்படுவதால் இளம்பெண்கள் நோயை மறைத்து, மாத்திரையையும் மறைத்து விழுங்குகிறார்கள் என்பதை நினைத்தால் வேதனையாக இருக்கிறது. நீரிழிவைப் பற்றி ஒரு வார்த்தை: நீரிழிவு உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம், நாட்டில் நடத்தப்பட்ட தேசியச் சுகாதார ஆய்வுகளில் இந்தியரிடையே நீரிழிவின் அளவு தொடர்ந்து அதிகமாகவே பதிவாகி வந்திருக்கிறது. சர்க்கரை நோய் இல்லாத தமிழ்க் குடும்பத்தைத் தேட வேண்டிய நிலையில் இருக்கும் நாம், காசநோயை மட்டும் வேறு யாருக்கோ வரும் நோயாக எண்ணுவது பொருந்தாது.

மனம் சோர்வதற்கு உடலிலேயே காரணம் உண்டு

பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஒரு மதிப்பாய்வு, காசநோயாளிகளில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் இருப்பதாக 2020ஆம் ஆண்டில் கண்டது. மனச்சோர்வு என்பது ஒரு நாள், இரண்டு நாள் வருத்தமன்று. குறைந்தது இரண்டு வாரங்களாகப் பெரும்பாலான நேரம் மனம் துவண்டிருப்பது, முன்பு பிடித்தவற்றில் ஈடுபாடு அற்றுப்போவது, அதனோடு தூக்கம், பசி, கவனம், தன்மதிப்பு ஆகியன குலைந்து அன்றாட வாழ்க்கை தடைப்படுவது என்ற நிலைக்கே மருத்துவர்கள் அந்தப் பெயரைக் கொடுக்கிறார்கள். இதைத் தைரியக் குறைவு என்று நினைப்பதுதான் வீட்டார் செய்யும் மிகப் பொதுவான பிழை.

முதற்காரணம் நோய்க்குள்ளேயே இருக்கிறது. கிருமியோடு போராடும் நோய் எதிர்ப்பு அணுக்கள் சைட்டோகைன் எனப்படும் புரதங்களைச் சுரக்கின்றன. உடலின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குச் செய்தி கொண்டுபோகும் வேதிப்பொருள்கள் இவை. மூளைக்கும் அந்தச் செய்தி எட்டுகிறது. உடனே மூளை உடலை ஓய்வு நிலைக்குத் தள்ளுகிறது: பசி மங்குகிறது, உடல் கனக்கிறது, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை. இரண்டு நாள் காய்ச்சலில் நமக்கெல்லாம் இந்த அனுபவம் உண்டு. காசநோயில் அந்தச் செய்தி வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஓயாமல் போய்க்கொண்டிருக்கிறது. "மாத்திரை சாப்பிடுகிறார், பிறகு ஏன் இன்னும் சுருண்டு படுத்திருக்கிறார்?" என்று கேட்கும் வீட்டாருக்கு இதுவே பதிலின் ஒரு பகுதி.

இரண்டாவது, மருந்துகள். வழக்கமான சிகிச்சையில் முதல் இரண்டு மாதங்களுக்கு ஐசோனியசிட், ரிபாம்பிசின், பைராசினமைடு, எதாம்பூட்டால் என்ற நான்கும், அடுத்த நான்கு மாதங்களுக்கு ஐசோனியசிட், ரிபாம்பிசின் என்ற இரண்டும் தரப்படுகின்றன. குமட்டல், மூட்டுவலி, அரிப்பு போன்றவை சிலருக்கு வரும். ஐசோனியசிட் உடலில் பி6 வைட்டமினைக் குறைக்கக்கூடியது. அதனால் கை கால் மரத்துப்போகாமல் இருக்கச் சேர்த்தே வைட்டமின் மாத்திரையும் தருவார்கள். அரிதாகச் சிலருக்கு ஐசோனியசிட் தூக்கமின்மை, குழப்பம், மனப்பிறழ்வு வரையிலும் கொண்டுசெல்லும். சாதாரண மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குச் சில வேளை தரப்படும் சைக்ளோசெரின் என்ற மருந்து, மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் தூண்டக்கூடியது என்று நன்கு அறியப்பட்டது. மருந்தால் மனம் மாறியிருக்கலாம் என்ற எண்ணமே இல்லாமல், "ஆள் ஒரு மாதிரி ஆயிட்டாரு" என்று வீட்டார் ஒதுங்கிக்கொண்டால் மருத்துவரிடம் தகவல் போய்ச் சேராது.

மருந்துக்கும் மனத்துக்கும் உள்ள இந்த உறவு மறுதிசையிலும் ஒருமுறை வெளிப்பட்டது. 1952ஆம் ஆண்டில் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவிலிருந்த சீ வியூ மருத்துவமனையில் ஐசோனியசிட்டையும் அதன் நெருங்கிய உறவான இப்ரோனியசிட்டையும் காசநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, பல மாதங்களாகப் படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள் உற்சாகத்தோடு எழுந்து நடமாடினார்கள். அதைக் கவனித்துத் தொடர்ந்த ஆய்வுகளால் இப்ரோனியசிட், மனச்சோர்வுக்குப் பயன்பட்ட முதல் மருந்துகளில் ஒன்றாயிற்று. நுரையீரல் நோய் வேறு, மனத்தின் நிலை வேறு என்று கோடு கிழித்துப் பிரிக்க முடியாது என்பதற்கு மருத்துவ வரலாற்றிலேயே கிடைத்த சான்று இது.

மூன்றாவது, வாழ்க்கையின் நெருக்கடி. வேலைச் சட்டத்தின்படி ஐந்து ஆண்டுக்கு மேல் ஓரிடத்தில் பணியாற்றியவருக்கும் மருத்துவமனையில் தங்காத நோய்க்கு ஆண்டில் 22 நாள்தான் சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்பு. கிரேப் வாடகைக்கார் ஓட்டுகிறவருக்கும் நாட்கூலிக்கு வேலை பார்க்கிறவருக்கும் அதுவும் இல்லை. வீட்டு வாடகை, கார்த் தவணை, பிள்ளைகளின் பள்ளிப் பேருந்துக் கட்டணம் என்று கணக்குப் போட்டபடியே இரவெல்லாம் விழித்திருப்பவரிடம் மருந்தை மட்டும் நீட்டினால் போதாது.

நான்காவதும் கடுமையானதும் களங்க உணர்வு. பிறர் தன்னை அருவருப்பாகப் பார்க்கிறார்கள் என்பதை உணர்ந்து, நாளடைவில் தானே தன்னை அருவருக்கத் தொடங்குவதை இது குறிக்கிறது. நகப்பூச்சுப் புள்ளி வைத்த தட்டு ஒவ்வொரு வேளையும் அவருக்குச் சொல்லுவது அதைத்தான். உடல் தரும் சோர்வையும் மருந்து தரும் தொல்லையையும் குடும்பத்தால் அகற்ற முடியாது. இந்த நான்காவது காரணம் மட்டும் முழுக்க முழுக்கக் குடும்பத்தின் கையில் இருக்கிறது.

மனம் தளர்ந்தால் மாத்திரை நிற்கும்

சிகிச்சை குறைந்தது ஆறு மாதம். முதல் மாதத்திலேயே பலருக்கு இருமல் குறைந்து எடையும் கூடத் தொடங்கும், "இனி எதற்கு?" என்ற எண்ணம் அப்போது வரும். மனச்சோர்வு உள்ளவருக்கோ எண்ணம் வேறு: "குணமாகி என்ன ஆகப்போகிறது?" இரண்டுமே மாத்திரையை நிறுத்தவைக்கும், இரண்டாவதை வெளியிலிருந்து கண்டுபிடிப்பது கடினம். இடையில் நிறுத்தினால் எஞ்சியிருக்கும் கிருமிகள் மீண்டும் பெருகும். மருந்துக்கு அடங்காத வகையாக மாறவும் கூடும். அப்படி மாறினால் சிகிச்சை பெரும்பாலும் நீளும், மருந்துகளும் கடுமையாகும். மனத்தைக் கலக்கும் மருந்துகளும் அவற்றில் அடங்கும். முறையாகச் சிகிச்சையை முடிப்பவர்கள் குணமாகிறார்கள் என்பதில் ஐயமில்லை: சாதாரணக் காசநோய்க்குச் சிகிச்சை பெறுவோரில் உலக அளவில் சுமார் 88 விழுக்காட்டினருக்கு அது வெற்றிகரமாக முடிகிறது.

இதனால்தான் ஒரு சுகாதாரப் பணியாளரின் கண்முன் மாத்திரையை விழுங்கும் முறை வைத்திருக்கிறார்கள். இது நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சை எனப்படும்; மக்கள் வழக்கில் டாட்ஸ். வீட்டுக்கு அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்குக்கு நாள்தோறும் காலையில் போய் மாத்திரை சாப்பிட்டு வருவது இங்கே பலருக்கும் வழக்கம். நோயாளிக்கு அது தன்னை நம்பாத காவலாகத் தோன்றலாம். வீட்டிலிருந்து ஒருவர் கூடப் போனால், திரும்பும் வழியில் இருவரும் ஒரு கடையில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டுவிட்டு வந்தால், அதே நடை வேறு விதமாகத் தோன்றும். நாள்தோறும் முடியாவிட்டாலும் வாரத்தில் இரண்டு நாள் முடியும்.

வீட்டில் எப்படிப் பேசுவது, என்ன செய்வது

முதல் வேலை, சிகிச்சை தொடங்கும் வாரத்திலேயே குடும்பத்தில் பொறுப்புள்ள ஒருவர் நோயாளியுடன் கிளினிக்குக்குப் போய் மருத்துவரிடமோ தாதியிடமோ நேரில் விளக்கம் கேட்பது. எத்தனை நாள் முகக்கவசம், எந்தப் பக்கவிளைவுக்கு உடனே வர வேண்டும், எது இயல்பானது என்பதை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. ஓர் எடுத்துக்காட்டு: ரிபாம்பிசின் சாப்பிடுகிறவரின் சிறுநீர், வியர்வை, கண்ணீர் எல்லாம் செம்மஞ்சள் நிறமாக மாறும்; அது தீங்கற்றது. முன்பே தெரியாதவர் இரத்தம் போகிறது என்று நடுங்கி, வெளியில் சொல்லவும் கூசி, மாத்திரையைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டிக் குப்பையில் போட்டுவிடுவதுண்டு. கண் மஞ்சளாவது, வாந்தி நிற்காமல் இருப்பது, பார்வை மங்குவது ஆகியவையே உடனே கிளினிக்குக்குப் போக வேண்டிய அறிகுறிகள்.

அடுத்தது பேச்சு. நம் வீடுகளில் அக்கறை பெரும்பாலும் அறிவுரையாகவே வெளிவருகிறது. "நல்லாச் சாப்பிட்டு மாத்திரையப் போடு, எல்லாம் சரியாயிடும், சும்மா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்காத" என்று ஓர் அம்மா தன் மகனிடம் சொல்வது அன்பினால்தான். ஆனால் அந்தச் சொற்களில் அவன் பதில் சொல்வதற்கு இடமே இல்லை. "ராத்திரி தூங்கினியாப்பா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தால் இடம் கிடைக்கிறது. "மனசுக்குள்ள என்ன ஓடுது?" என்பது பலருக்குக் கூச்சமான கேள்வி, தூக்கம், பசி பற்றிய கேள்வி யாருக்கும் கூச்சமில்லை. அதிலிருந்து பேச்சு தானாக மனத்துக்கு வந்து சேரும். பதில் வந்ததும் உடனே ஆறுதல் சொல்லி மூடிவிடாமல், "அப்படியா, எப்போருந்து?" என்று இன்னும் ஒன்று கேட்பது மேல்.

மருத்துவர்கள் மனச்சோர்வை முதல்நிலையில் கண்டறியக் கேட்கும் இரண்டு கேள்விகளை வீட்டாரும் மனத்தில் வைத்துக்கொள்ளலாம். சென்ற ஒரு மாதத்தில் மனம் சோர்ந்தோ நம்பிக்கை இழந்தோ அடிக்கடி இருந்ததா? செய்கிற காரியங்களில் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் போயிற்றா? இரண்டில் ஒன்றுக்காவது ஆம் என்ற பதில் வந்தால் கிளினிக்கில் அதைச் சொல்ல வேண்டும். நோயைக் கண்டறிவது வீட்டாரின் வேலையன்று. கவனித்து எடுத்துச் சொல்வது அவர்களால் முடியும். கிரிக்கெட்டோ பந்தாட்டமோ விடாமல் பார்த்தவர் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பது, பேரக்குழந்தையின் குரல் கேட்டும் எழுந்து வராதது போன்ற சின்ன மாற்றங்கள் முதலில் தெரிவது உடன் வாழ்கிறவர்களுக்குத்தான்.

மூன்றாவது, அவருக்கு வீட்டில் இருந்த இடத்தை அவரிடமே விட்டுவைப்பது. குடும்பத் தலைவராக இருந்தவரைத் திடீரென்று எதுவும் கேட்காமல், எதுவும் சொல்லாமல், பில் கட்டுவதிலிருந்து பிள்ளையின் பள்ளி விஷயம் வரை அவர் தலைக்கு மேலேயே முடிவெடுத்தால், அது ஓய்வாகத் தெரியாது. தான் கழிக்கப்பட்டதாகத் தெரியும். "மாமா, இந்த மாசம் தண்ணி பில் கூடியிருக்கே, பாத்தீங்களா?" என்று மருமகள் கேட்பதில் ஒரு மருந்து இருக்கிறது. உடல் தேறும் அளவுக்கேற்பக் கீரை ஆய்வது, சாமி விளக்கு ஏற்றுவது, பேரனுக்குக் கணக்குச் சொல்லித்தருவது என்று சிறு பொறுப்புகள் அவரிடம் இருக்கட்டும். அளவுக்கு மீறிய பராமரிப்பும் மூச்சுத் திணற வைக்கும். ஒவ்வொரு இருமலுக்கும் ஓடி வருவது, ஒவ்வொரு வாய் சோற்றையும் எண்ணுவது ஆகியன அவரை நோயாளி என்ற ஒற்றை அடையாளத்துக்குள் அடைத்துவிடும்.

யாரிடம் சொல்வது என்பதையும் அவரே முடிவு செய்ய வேண்டும். நெருங்கிய சிலரிடம் சொல்லி உதவி பெறுவது பல சமயம் பாரத்தைக் குறைக்கும்; ஆனால் அவருடைய சம்மதமில்லாமல் கோயில் வாசலிலோ கல்யாண வீட்டிலோ செய்தி பரவினால் நம்பிக்கை உடைந்துவிடும். கோயிலுக்கு நேர்ந்துகொள்வதும் பூசை செய்விப்பதும் மனத்துக்குத் தெம்பு தருமானால் தாராளமாகச் செய்யலாம். செய்வினை என்று சொல்லி மாத்திரையை நிறுத்தச் சொல்பவரின் வார்த்தையை மட்டும் ஏற்கவே கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. மதுவும் அப்படியே: மனவருத்தத்தைக் குடியில் ஆற்றப் பார்ப்பவருக்கு, காசநோய் மாத்திரைகளோடு அது சேர்ந்து கல்லீரலைத் தாக்கும் என்பதை ஏச்சில்லாமல் எடுத்துச் சொல்லி, கிளினிக்கிலும் மறைக்காமல் தெரிவிக்க வேண்டும்.

குடும்பம் தமிழ்நாட்டில் இருக்க, இங்கே தனியாக உணவகங்களிலும் கடைகளிலும் வேலை பார்ப்பவர்களுக்கும் இவையெல்லாம் பொருந்தும். நாள்தோறும் ஒரே நேரத்தில் ஊரிலிருந்து வரும் ஒரு காணொளி அழைப்பு, மாத்திரை சாப்பிடும் நேரத்தோடு இணைந்துவிட்டால், அது பாதி டாட்ஸ் போலவே வேலை செய்யும்.

இதுவரை பார்த்ததில் முக்கியமானவை இவை: காசநோயாளியின் சோர்வுக்கு உடல், மருந்து, பணம், களங்க உணர்வு என்று நான்கு ஊற்றுகள் உண்டு, கவனிக்கப்படாத சோர்வு சிகிச்சையை முறிக்கும், சேர்ந்து உண்பதும் கேட்டறிவதும் பொறுப்பைப் பறிக்காமல் இருப்பதும் குடும்பம் செய்யக்கூடிய சிகிச்சை.

பராமரிப்பவருக்கும் ஓய்வு வேண்டும்

பெரும்பாலும் ஒரு மனைவியோ தாயோ மூத்த மகளோ இந்தச் சுமை முழுவதையும் ஏற்கிறார். சமையல், வேலை, கிளினிக் என்று ஓடுகிறவரின் எரிச்சல் ஒரு நாள் நோயாளியின் மேலேயே வெடிக்கும். பிறகு அதற்காகவும் அவரே அழுவார். அண்ணன், மைத்துனர், அத்தை என்று இருப்பவர்கள் முறை வைத்துக்கொள்ள வேண்டும். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க அண்ணி" என்பதைவிட, "செவ்வாய்க்கிழமை நான் அண்ணன கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போறேன், நீங்க வீட்ல இருங்க" என்பது பயன்படும் உதவி.

எப்போது வெளியுதவி தேட வேண்டும்

சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, மாத்திரையை மறுத்தாலோ, தனக்குத்தானே பேசுவது, இல்லாத குரல் கேட்பது, யாரையும் நம்பாமல் சந்தேகப்படுவது போன்றவை தெரிந்தாலோ, அடுத்த சந்திப்புத் தேதிக்காகக் காத்திருக்காமல் சிகிச்சை தரும் கிளினிக்கிலேயே சொல்ல வேண்டும். அங்கிருந்து மனநல மருத்துவரிடமோ, சமூக மனநல நிலையமான மெந்தாரிக்கோ அனுப்பிவைக்க முடியும். மனச்சோர்வுக்கு ஆலோசனையும் உண்டு, மருந்தும் உண்டு. ஆனால் ரிபாம்பிசின் பல மருந்துகளின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும். மனச்சோர்வு மருந்துகள் சிலவும், கருத்தடை மாத்திரைகளும் அவற்றில் அடங்கும். மருந்துக்கு அடங்காத காசநோய்க்குத் தரப்படும் லினசோலிட்டுடன் சில மனச்சோர்வு மருந்துகள் சேர்வது ஆபத்தானது. ஆகவே எந்த மருத்துவரிடம் போனாலும் மற்ற எல்லா மாத்திரைகளையும் பையில் எடுத்துப்போய் மேசையில் வைத்துக் காட்டுவது நல்ல பழக்கம்.

"இருந்து என்ன பயன்" என்பது போன்ற பேச்சு வந்தால் நேரடியாகவே கேட்கலாம்: "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைப்பதில்லை, உள்ளே அடக்கிவைத்திருப்பவருக்கு அது வெளியே வர ஒரு வழியாகும். ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல், வீட்டிலுள்ள மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் அகற்றிவைத்து, அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அல்லது 999ஐ அழைக்க வேண்டும். சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசி எண் 15555. கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929. அது 24 மணி நேரமும் இயங்குவது. தமிழில் பேசக்கூடியவர் இருக்கிறாரா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளலாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை நீக்க நாடாளுமன்றம் 2023இல் ஒப்புதல் அளித்துவிட்டது; போலீசுக்குப் பயந்து மறைக்க வேண்டிய காலம் போய்விட்டது.

மாத்திரை முடிந்த பிறகு

ஆறாம் மாத முடிவில் மருத்துவர் குணமாகிவிட்டது என்று சொன்னாலும், நுரையீரலில் ஏற்பட்ட வடு காரணமாகச் சிலருக்குப் படியேறும்போது மூச்சு வாங்குவதும், அடிக்கடி களைப்பு வருவதும் தொடரும். சின்ன இருமல் வந்தாலும் நோய் திரும்பிவிட்டதோ என்ற அச்சம் எழும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குச் சளிப் பரிசோதனை செய்து பார்த்துவிடுவதே அந்த அச்சத்துக்கும் பதில். மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர் காசநோய் மாத்திரையோடு சேர்த்து அதையும் தானே நிறுத்திவிடக் கூடாது. மனம் தேறிய பிறகும் பொதுவாகக் குறைந்தது ஆறு மாதங்களுக்கு அதைத் தொடர வேண்டியிருக்கும். ரிபாம்பிசின் நின்றதும் மற்ற மருந்துகளின் அளவு இரத்தத்தில் கூடக்கூடும் என்பதால், காசநோய்ச் சிகிச்சை முடியும் தேதியை மனநல மருத்துவரிடமும் முன்கூட்டியே சொல்லி, மருந்தளவைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.